எலுமிச்சம்பழம் அளவுக்குப் படிகாரம்

என் வீட்டில் வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மேசைமேல் போட்டுவிட்டுப் போன சீப்பு, சாயங்காலம் வந்து பார்த்தால் அதே மூலையில், அதே கோணத்தில் கிடக்கும். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய வசதியாகத் தெரிந்தது. ஊரில், கோவிந்தாபுரத்து வீட்டில் ஒரு சீப்பு வேண்டுமென்றால் நாலு பேரை விசாரிக்க வேண்டும். ஆனால் சில மாதங்களில் அந்தச் சீப்பைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. யாராவது எடுத்து எங்கேயாவது தொலைத்துவிடக் கூடாதா என்றிருக்கும்.

எங்கள் ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம். கொஞ்சம் எட்டி நடந்தால் தமிழ்நாடு. கணவர் விவசாயம் பார்க்கிறார். நெல், தென்னை, மாடு கன்று. கூடவே நாத்தனாரும் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. பரீட்சை எழுதி எழுதி, இனி இவளுக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று எல்லோரும் கைகழுவிவிட்ட நேரத்தில் எனக்கு அரசு வேலை உத்தரவு வந்தது. தேவிகுளத்தில் குமாஸ்தா. வீட்டில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "கொஞ்ச வருசம் பாரு, அப்பறம் மாத்தல் வாங்கிக்கலாம்" என்றார் கணவர். அவர் சொன்னது மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே.

இரண்டும் கேரளாதான். ஆனால் தேவிகுளத்தில் ஏறினால் மூணாறு, மறையூர், சின்னாறு செக்போஸ்ட், அப்புறம் உடுமலை, பொள்ளாச்சி என்று முழுக்கத் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் வீடு போய்ச் சேர முடியும். காலை பஸ்ஸுக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம், மலைப்பாதையில் எதுவும் நடக்காமல் இருந்தால். போனால் ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் அதே சுற்று. வாரா வாரம் முடியாது. மாதம் ஒருமுறை போனாலே இடுப்பு விட்டுப்போகிறது.

ரோட்டுக்குக் கீழே, படி இறங்கிப் போகிற ஒரு வாடகை வீடு எனக்கு. தகரக் கூரை. ஒரு மூலையில் ஒழுகும், அதற்கு ஒரு வாளி. சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் நான் விட்டுவிட்டுப் போன காற்றே அங்கே நின்றுகொண்டிருக்கும். விளக்கைப் போட்டதும் முதலில் குக்கரைத் திட்டுவேன். அது ஒன்றும் செய்திருக்காது. யாரையாவது திட்டாமல் வாய் ஒட்டிக்கொண்டு விடுமோ என்று பயம்.

போன வருடம் மழை தொடங்குகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ காலில் வந்தாள். முகம் தெரியவில்லை, ஒரு கண்ணாடி டம்ளர்தான் தெரிந்தது.

"அம்மா, படிகாரம் வளருது, தெரியுமா?"

"படிகாரம் என்ன கோழிக்குஞ்சா, வளர்றதுக்கு?"

"நெசமா. வீடியோவுல பார்த்தேன். அப்பா சவரம் பண்ணுனா தேய்க்குமில்ல, அந்தப் படிகாரந்தான். நீயும் பண்ணு. நான் இங்க ஒண்ணு, நீ அங்க ஒண்ணு. யாருது பெருசா வருதுன்னு பாக்கலாம்."

நான் விஞ்ஞானப் பாடத்தைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவள். ஆனால் அவள் சொன்ன 'நான் இங்க, நீ அங்க' என்பது எனக்குப் பிடித்துப்போனது. மறுநாள் மூணாறு மார்க்கெட்டுக்குப் போய்ப் படிகாரம் வாங்கிவந்தேன்.

செய்முறை பெரிய கம்பசூத்திரம் இல்லை. சுடுதண்ணீரில் படிகாரத் தூளைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இனிக் கரையாது என்று அடியில் தங்கும்வரை. வெள்ளைத் துணியில் வடிகட்டி, கொஞ்சத்தை ஒரு தட்டில் ஊற்றி வைத்தால் மறுநாள் தட்டு முழுக்கக் குட்டிக் குட்டிக் கல். அதில் முனை உடையாத ஒன்றைப் பொறுக்கி, தூண்டில் நரம்பில் கட்டி, மிச்சத் தண்ணீர் நன்றாக ஆறியபின் அதற்குள் தொங்கவிட வேண்டும். டம்ளரின் வாயில் ஒரு குச்சி, மேலே தூசி விழாமல் ஒரு காகிதம். அவ்வளவுதான். பிறகு அதை மறந்துவிட வேண்டும். ஆறும்வரை எனக்குப் பொறுமை ஏது, சூட்டோடு தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் கல்லைக் காணோம், வெறும் முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த முறை ஒழுங்காகச் செய்தேன். மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் வற்றவே வற்றாது, காயப்போட்ட துணியே வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும். அதனால் தண்ணீர் வற்ற வற்றக் கல் வளரட்டும் என்று விட்டுவைக்கிற வேலை ஆகாது. ஒரு யோசனை வந்தது. முக்கால்வாசி ஆறிய கரைசலில் கல்லைத் தொங்கவிட்டு, டம்ளரை என் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, குளிர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும்படி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். அது பிடித்துக்கொண்டது. வாரம் ஒருமுறை புதுக் கரைசல், மறுபடி ஸ்வெட்டர். கல் எட்டு முகமும் பளிச்சென்று, உள்ளே ஒரு புகைகூட இல்லாமல் வளர்ந்தது. விளக்கில் பிடித்தால் அந்தப் பக்கச் சுவரில் இருக்கிற காலண்டரின் எழுத்து தெரியும்.

அவளுடையது அப்படி வரவில்லை. முதலில் பிரிட்ஜுக்கு மேல் வைத்திருந்தாள், மோட்டார் ஓடும்போதெல்லாம் டம்ளர் நடுங்கியிருக்கிறது. ஜன்னலுக்கு மாற்றினாள், அங்கே பாலக்காட்டுக் காற்று தூசியோடு வந்து விழுந்தது. நாத்தனார் பிள்ளைகள் ஆளுக்கொரு முறை தூக்கிப் பார்த்தார்கள். மத்தியான வெயிலில் பாதி கரைந்து, காலையில் அவசர அவசரமாக மறுபடி ஒட்டி, அவள் கல் பால் கலந்த மாதிரி வெளுத்துப்போய், உடம்பெல்லாம் முளை முளையாக இருந்தது.

"உன்றது மட்டும் எப்பிடிம்மா கண்ணாடியாட்டம் இருக்குது?" என்று கேட்டாள்.

"இங்க யாரும் தொடறதில்ல சாமி. வச்சது வச்சபடி இருக்கும்."

சாதாரணமாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என்னையே குத்தியது. அந்த வேகத்தில், பல தடவை கேட்டுக் கேட்டு அவள் பதில் சொல்லாமல் நழுவிய கேள்வியைத் திரும்பவும் கேட்டேன். அடுத்த வருடம் இங்கே வந்து என்னோடு இருந்து படிக்கிறாயா என்று. தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, நான் விசாரித்தும் வைத்துவிட்டேன். கணவரிடம் கேட்டால், "அவ வர்றேன்னா கூட்டிக்கிட்டுப் போ, நான் தடுக்க மாட்டேன்" என்பதோடு முடித்துக்கொள்வார். ஆக, முடிவு அந்த ஒன்பது வயசுக் கையில் இருந்தது.

அவள் பக்கத்தில் யாரையோ பார்த்தாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள். "உன்ற படிகாரம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வரட்டும். அப்ப வர்றேன்" என்றாள்.

குழந்தை பேச்சு என்று தள்ளிவிட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு அது மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்தது. மறுநாளே கடையில் நின்று, ஒரு கூடை எலுமிச்சையைக் கிளறி, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி அலமாரியில் வைத்தேன். பேரம் என்று வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நான் ஆபீஸில் உட்கார்ந்திருந்தாலும் நினைப்பு அலமாரியின் அடித்தட்டில்தான். கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள்தான், சாயங்காலமானால் அவரவர் பிள்ளைக்கு பேக்கரியில் ஏதாவது வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் படிகாரம் வாங்கிக்கொண்டு கிளம்புவேன். கடைக்காரர் ஒருநாள், "சேச்சி, இவ்வளவு படிகாரம் என்னத்துக்கு?" என்று கேட்டார். பிள்ளைக்கு என்றேன். பொய்யும் இல்லை.

கல் நெல்லிக்காய் அளவைத் தாண்டியிருந்தபோது ஊருக்குப் போகவேண்டி வந்தது. மழை வலுத்திருந்தது, வாளி நிரம்பி வழிந்தால் வீடே குளமாகும். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர், இப்போது ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கிற வேலைக்குப் போகிறார். தினமும் என்னை 'என்ன தாயி' என்று ஒரு வார்த்தை கேட்காமல் படியேற மாட்டார். நான்தான் நின்று பதில் சொல்வதில்லை.

திரும்பி வந்து படியிறங்கும்போதே பார்த்துவிட்டேன். என் கல் வாசல் நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது, கறுப்புக் கயிற்றில், கூடவே நாலு காய்ந்த மிளகாயும். மூடுபனியும் சாரலும் மாறி மாறி நக்கி, எட்டு முகமும் மழுங்கி, தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி ஆகியிருந்தது. கீழே வாசற்படியில் சொட்டுச் சொட்டாகச் சிந்தி வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பையைக்கூட வைக்காமல் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார்.

"வாளியக் கவுக்கப் போனேன் தாயி. அலமாரி அடியில ஸ்வெட்டர் நனையுதேன்னு எடுத்துப் பாத்தா, திருஷ்டிப் படிகாரத்தத் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்க. அப்படியே விட்டா கரைஞ்சு போயிரும்லா? அதான் எடுத்து வாசல்ல கட்டினேன்."

அது திருஷ்டிக்கு இல்லை, தண்ணீரில்தான் அது வளரும் என்று கத்தினேன். படிகாரம் தண்ணீரில் வளரும் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"சின்னப் பிள்ளைய விட்டுட்டு வந்து ஒத்தையில கெடக்க. நாலு பேரு கண்ணு படக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

"என்னைப் பாக்கறதுக்கு இந்த ஊர்ல யாருக்கா இருக்காங்க, கண்ணு படறதுக்கு?"

"நான் தெனமும் பாக்கேம்லா" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவர் எதிரில் காட்டிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மிளகாயைப் பிய்த்து எறியப் போன கை, என்னவோ எறியவில்லை. மிளகாய் மட்டும் அப்படியே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மகளிடம் சொன்னபோது அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "அப்ப மறுபடியும் மொதல்ல இருந்தாம்மா?" என்று உடனே கேட்டாள். குரல் லேசாக இருந்தது. விளையாட்டு இன்னும் கொஞ்ச நாள் நீளுமே என்ற சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் தட்டு, மறுபடியும் குட்டிக் கல், மறுபடியும் ஸ்வெட்டர். இந்த முறை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி, தொடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அவர் அதற்குப் பிறகு வந்தால் அலமாரிப் பக்கமே திரும்புவதில்லை, கைக்குழந்தை தூங்குகிற வீட்டுக்குள் வருகிற மாதிரி மெல்ல நடந்து வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போவார். கல்லும் நன்றாக வந்தது. முந்தியதைவிடத் தெளிவு. ஓணம் நெருங்கும்போது எலுமிச்சைக்கும் அதற்கும் ஒரு சுற்றுதான் வித்தியாசம். அந்த எலுமிச்சையும் காய்ந்து சுருங்கி எனக்குச் சாதகமாக நடந்துகொண்டிருந்தது.

ஓணப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே அறுப்பு மெஷின் எந்த நாள் வரும் என்று தெரியாது, அதனால் மறுநாளே அவர் கிளம்பிவிட்டார். லீவு முடிகிற அன்றைக்கு வந்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. நானும் லீவு போட்டேன்.

வீடு தலைகீழானது. கட்டிலில் குதித்தாள். கதவை அறைந்து சாத்தினாள், திறந்தாள். தகரக் கூரையில் மழை விழும்போது அதைவிடச் சத்தமாகப் பாடினாள். குக்கர் விசிலை எண்ணுவதாகச் சொல்லி என்னைக் குழப்பினாள். ஒருநாள் காலையில் சீப்பைக் காணோம். தேடித் தேடி, கடைசியில் அரிசி டின்னுக்குள் கிடைத்தது. எப்படிப் போனது என்று அவளுக்கும் தெரியவில்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அத்தனை சந்தோஷமாக இருந்தது.

படிகாரம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல் தேய்க்குமுன் ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள், தேய்த்தபின் ஒருமுறை. ஸ்வெட்டரைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டாள், சட்டைக்கு மேல் முழங்கால் வரை தொங்கியது. கரைசலைத் தானே காய்ச்சுகிறேன் என்று வடிகட்டாமல் ஊற்றினாள். இரண்டே நாளில் கல்லின்மேல் பால் மாதிரி ஒரு படலம் ஏறியது. முகத்துக்கு முகம் சின்னச் சின்ன முளை. சுவர்க் காலண்டர் தெரிவது நின்றுபோனது.

"என்றதாட்டமே ஆயிருச்சும்மா" என்றாள், கொஞ்சம் பயத்தோடு.

"ஆகட்டும். அதனால என்ன?"

பள்ளிக்கூடத்துக்கும் அழைத்துக்கொண்டு போனேன். லீவானதால் பூட்டியிருந்தது. கேட் வழியாக மைதானத்தைக் காட்டினேன், இங்கேதான் விளையாடலாம் என்றேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். மைதானத்தில் பனி நின்றது, ஒரு காக்காய்கூட இல்லை. "இங்க எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்மா?" என்று கேட்டாள். பிள்ளைகள் வந்தால் கலகலவென்று இருக்கும் என்றேன். அவள் கம்பியை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். வழியில் சோளம் வாங்கிக் கொடுத்தேன், பாதியை எனக்குக் கொடுத்துவிட்டாள்.

கணவர் வந்தார். காலை பஸ்ஸுக்கு மூன்று பேரும் ரோட்டில் நின்றோம். அக்காவும் படியேறி வந்து அவள் தலையைத் தடவிவிட்டு வேலைக்குப் போனார். பஸ் வருகிற சத்தம் வளைவில் கேட்டபோது மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன்.

"எலுமிச்சம்பழம் அளவுக்கு வர இன்னும் எத்தன நாளாகும்மா?"

"ரொம்ப நாளாகாது சாமி. கிட்டத்தட்ட வந்துருச்சு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "மெதுவாவே வளரட்டும்மா. அவசரமில்ல" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். நானும் காட்டினேன். வளைவில் மறைகிறவரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. படியிறங்கி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியபின்தான் அந்த வார்த்தை வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. அம்மாவுக்கு வலிக்குமே என்று இத்தனை மாதமாக ஒரு கல்லை நடுவில் வைத்து நாளைக் கடத்தியிருக்கிறாள். அவளுக்கு அங்கே கன்றுக்குட்டி இருக்கிறது, சண்டை போட அத்தை பிள்ளைகள் இருக்கிறார்கள், சாயங்காலமானால் வயலிலிருந்து வருகிற அப்பா இருக்கிறார். எனக்கு அவள் மட்டும்தான். அந்தக் கணக்கை அவள் எனக்கு முன்பே போட்டுவிட்டாள். அன்று முழுக்க அழுதேன். கோபம்கூட வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் புதுக் கரைசல் தயார் செய்தேன். துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஆறவைத்து, ஸ்வெட்டரை எடுத்துவைத்தேன். அவள் வாசம் இன்னும் அதில் இருந்தது. கல்லை வெளியே எடுத்து விளக்கில் பிடித்தேன். உள்ளே ஆழத்தில் கண்ணாடி மாதிரித் தெளிவு, அது நான் ஒற்றையாக இருந்த மாதங்கள். அதைச் சுற்றி வெள்ளையாக, கரடுமுரடாக ஒரு படலம், அது அவள் இருந்த நாட்கள். இப்போது இதைத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஒரு அசைவு இல்லை. வெள்ளைக்கு மேல் தெளிவாக அடுத்த படலம் ஏறும், அதற்கு மேல் இன்னொன்று. சீக்கிரமே எலுமிச்சை அளவுக்கு வந்துவிடும்.

நரம்பை வெட்டினேன். கல்லைத் துணியில் ஒற்றி ஈரம் போகத் துடைத்து, மேசைமேல் வைத்தேன். காய்ச்சிய கரைசலைக் கழிவறையில் கொட்டினேன்.

சாயங்காலம் அவள் வீடியோவில் வந்தாள். வந்ததும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சும்மா?"

"அப்படியேதான் இருக்குது சாமி. இதுக்கு மேல வளரும்னு தோணல."

"அப்படியா" என்றாள். முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்தாள். ஆனால் தோள் இரண்டும் சட்டென்று தளர்ந்ததை நான் பார்த்தேன். வலித்தது. நன்றாகவே வலித்தது. அதற்குப் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள் பாருங்கள், அப்படி அவள் என்னிடம் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்தது, அத்தை மகன் அவள் ரப்பரைக் கடித்தது, மெஷின் சேற்றில் மாட்டிக்கொண்டது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ம் கொட்டினேன்.

யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். "இதா வந்தறேன்" என்று கத்திவிட்டு, போனைக் கட் பண்ண மறந்து அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். எனக்கு அந்த வீட்டு விட்டமும் மின்விசிறியும்தான் தெரிந்தன. நான் கட் பண்ணவில்லை. தட்டு வைக்கிற சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம், அவள் சிரிப்பு, ஒரு கதவு படாரென்று சாத்துகிற சத்தம். அந்தப் பக்கம் சார்ஜ் தீர்ந்து போன் அணைகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.